குண்டானில் வெளுத்த கொலுசு

எம்.எஸ்சி. வேதியியல் கடைசித் தேர்வுக்கு முந்தைய வாரம், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் என் தோழிக்குக் கல்யாணம். புத்தகங்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு, திருப்பாலைவனத்திலிருந்து முதல் நாள் காலையே போய்விட்டேன்.

உள்ளே நுழைந்தால் எழவு வீடு மாதிரி இருந்தது. நிச்சயத்தன்று வருங்கால மாமியார் தன் காலிலிருந்து கழற்றி அவளுக்குப் போட்டுவிட்ட வெள்ளிக் கொலுசு, அட்டக்கரியாகக் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டே என் தோழி ஏரிச் சேற்றில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடித்திருக்கிறாள். அந்தக் கறுப்புச் சேற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளிக்கு ஆகாது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணழைக்க வேன் ஏறியாகிவிட்டது. தட்டார் கடையோ பொன்னேரியில்.

அவள் அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்து வெள்ளியையே சுரண்டிக்கொண்டிருந்தார். பிடுங்கிக்கொண்டேன். அந்தக் கறுப்பு சில்வர் சல்பைடு, கந்தகம் சேர்ந்த வெள்ளி. அதன் மின்முனை மின்னழுத்தம் என் பாடப்புத்தக அட்டவணையில் கிடையாது. ஆனால் வெள்ளிக்கு உண்டு. அந்தக் கறுப்பு தண்ணீரில் எவ்வளவு அரிதாகக் கரையும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துக் கோலமாவால் தரையில் கணக்குப் போட்டேன். வந்த எண் அலுமினியத்தினுடையதைவிடக் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் மேலே இருந்தது. அப்படியானால் அலுமினியம் தன்னைக் கரைத்துக்கொண்டு கறுப்பை மறுபடி வெள்ளியாக்கியே தீர வேண்டும்.

மீன் குழம்பு வைக்கும் அலுமினியக் குண்டானைக் கேட்டேன். "கொலுச இன்னா, கொழம்பா வெக்கப் போற?" என்றார் அவள் நைனா.

கொதிநீரில் உப்பும் சமையல் சோடாவும் போட்டுக் கொலுசை இறக்கினேன். அழுகிய முட்டை நாற்றம் வீட்டையே தூக்கியது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தார்கள். எனக்கோ எழுந்து ஆடலாம் போலிருந்தது. கறுப்பு கண்ணெதிரே விலகிக்கொண்டிருந்தது.

வேன் டச்சுக் கல்லறையைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தபோது கொலுசு அவள் காலில் ஏறிவிட்டது. மாமியார் வந்ததும் குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"இது என் கொலுசு இல்லியே. இவ்ளோ வெளுப்பா இருந்ததே இல்ல. மாத்திட்டீங்களா?"

இந்த ஆபத்து என் கணக்கில் வரவேயில்லை. என் தோழிதான் வாயைத் திறந்தாள். "கழட்ட மனசு வரல அத்தை. போட்டுனே எறா தடவப் போய்ட்டேன்." பிறகு குண்டான் கதை முழுவதையும் சொன்னாள்.

மாமியார் அவளையே பார்த்தார். இடுப்பிலிருந்த வெள்ளிச் சாவிக்கொத்தை உருவி என்னிடம் நீட்டினார். அதுவும் கன்னங்கரேலென்று இருந்தது.

"இத்தயும் அந்தக் குண்டான்ல போடும்மா. நானும் அதே சேத்துல கெடந்தவதான்."

வீடே சிரித்தது. இன்று நான் பாடம் நடத்தும் வகுப்பில், அட்டவணையில் இல்லாத எண்ணை எதற்குக் கணக்கிட வேண்டும் என்று பிள்ளைகள் அலுத்துக்கொண்டால், அந்த நாற்றமும் சிரிப்பும்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன; தெரிந்ததை வைத்துத் தெரியாததைத் துணிந்து சொல்வதில் இத்தனை சந்தோஷம் இருக்கிறது என்று நான் கற்றுக்கொண்டது அந்தக் குழம்புக் குண்டானிடம்தான்.