பூட்டில்லாமல் தேடுவது

எண்பதுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு பிராசஸர்கள். இரண்டுக்கும் பொதுவான பட்டியலில் ஒன்று தேடும்போது மற்றது கைவைக்காதபடி பூட்டு ஒன்றை எழுதியிருந்தோம். பூட்டுக்குக் காத்திருந்தே வேகமெல்லாம் போயிற்று. பட்டியலை மாற்றுகிறவனுக்குப் பூட்டு போதும், தேடுகிறவனுக்கு வேண்டாம் என்று வாதாடி, அப்படியே எழுதினேன். நன்றாக ஓடியது. பிறகு திடீர் திடீரென்று நிற்கத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப்பு போடிமெட்டு வளைவில் கவிழ்ந்து அண்ணனுக்கு முதுகெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கச்சி நான் லீவு போட்டுப் போடிக்கு வந்தேன். அண்ணி தோட்ட வேலைக்குப் போய்விடுவார். பகலெல்லாம் அண்ணனைப் புரட்டிப் படுக்கவைப்பதும் முதுகுப் புண்ணுக்கு மருந்திடுவதும் நான்தான். இடையிடையே காகிதத்தில் அம்புக்குறிகள் போட்டுப் பார்ப்பேன்.

"என்னாத்தா சோலி அது, கோடு கோடா?"

"ஒருத்தன் ஒண்ணைத் தேடிப் பிடிச்சு வச்சிருக்கயிலயே, இன்னொருத்தன் அதை நீக்கிட்டு அந்த எடத்தை வேற எதுக்கோ குடுத்துர்றான்ணே. தேடுனவன் தெரியாமப் போயி அதுல விழுந்துர்றான்."

"சரியாக்கிருவியா?"

"ஆக்கிருவேன்."

"அப்ப வெரசா ஆக்கிட்டுப் பொறப்படு. இங்ஙன சரியாக்க ஒண்ணுமில்ல."

ஒரு மத்தியானம் வழி புலப்பட்டது. நீக்கியதை உடனே அழிக்கக் கூடாது. இரண்டு பிராசஸர்களும் கையிலிருக்கும் வேலையை ஒருதரம் விட்டு வேறு வேலைக்கு மாறும்வரை விட்டுவைக்க வேண்டும். அதற்குப் பிறகு பழையதை யாரும் பிடித்திருக்க முடியாது. ஏலக்காய்க் கடைக்கு ஓடி பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டேன். உடன் வேலைசெய்தவர் முழுவதையும் கேட்டார்.

"சரியாத்தான் இருக்கு. ஆனா அந்த மிஷினையே கைவிட்டுட்டாங்க. எங்களையும் வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டாங்க."

வீடு திரும்பியபோது அண்ணனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. புண் சீழ்பிடித்திருந்தது.

"முடிஞ்சுதா ஆத்தா?"

"முடிஞ்சுதுண்ணே."

அடிபட்ட பிறகு அன்றுதான் சிரித்தார். மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மழைக்கு முன்பே போய்விட்டார். நான் பெங்களூருக்குத் திரும்பவில்லை. அந்த வழியை எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓட்டிப் பார்க்க எனக்கு வாய்க்கவுமில்லை.