ஐஸுக்குள் புதைந்த சென்சார்

போன வாரம் கொட்டித் தீர்த்ததே ஒரு மழை, அன்று காலை கலை என் வாசலில் வந்து நின்றார். எங்கள் முதலியார்பேட்டை தெருவுக்கு மீன் கொண்டுவரும் மீன்காரம்மா. தொப்பலாக நனைந்திருந்தார்.

“அக்கா, கரண்டும் இல்ல, நெட்டும் இல்ல. ரூம் எப்படி இருக்குன்னு போன்ல ஒண்ணுமே வரல. நாலு பொம்பளைங்க என்னை நம்பி மீன வச்சிருக்காளுங்க. கெட்டுப்போச்சுன்னா அவளுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

விற்காத மீனை வைக்க, குப்பத்தில் கலை ஒரு சின்ன குளிர் அறை போட்டிருக்கிறார். சோலார், பேட்டரி, மூன்று சென்சார். கம்ப்ரஸரை ஓட்டவும் நிறுத்தவும் சுவரில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர். போய்ப் பார்க்கலாம் என்றால், அதற்குள் குப்பத்து ரோடெல்லாம் வெள்ளம்!

அதை மாட்டிக்கொடுத்த அருணுக்குப் போன் போட்டேன்.

“நெட் இல்லன்னா என்ன மேடம்? அது யாரையும் கேட்டு ஓடல. முடிவெல்லாம் அங்கயே எடுத்துக்கும்.”

நான் நம்பவில்லை. நெட் போனால் எனக்கே கை கால் ஓடாது... ஒரு டப்பாவுக்கு ஓடுமா?

மதியம் தண்ணீர் வடிந்ததும் போனோம். அருணும் வந்துவிட்டார். கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர் அடித்தது. கலை ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். நல்ல சிவப்பு. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

லேப்டாப்பைச் செருகிப் பார்த்த அருண், “மூணாவது சென்சார் எங்க?” என்றார்.

ஐஸுக்கு அடியில் இருந்தது!

“மீன் பக்கத்துல எது இருந்தாலும் ஐஸ அள்ளிப் போட்டு மூடிடுவோம் தம்பி. கைப்பழக்கம்” என்று கலை நெளிந்தார்.

அறை சூடேறினாலும் அந்த சென்சார் மட்டும் ‘ஜில்லென்று இருக்கிறது’ என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நம்பியிருந்தால் கம்ப்ரஸர் நின்றிருக்கும். டப்பா நம்பவில்லை. மற்ற இரண்டும் ஏறி இறங்க, இது மட்டும் அசையாமல் கிடப்பதைக் கவனித்து ஒதுக்கிவிட்டது. வெயில் இல்லாததால் விளக்கை அணைத்து, பேட்டரியைக் கம்ப்ரஸருக்கே மிச்சம் பிடித்திருக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று ஒரு வார்த்தை உண்டா? எந்த ஆபீஸில் பார்த்திருக்கிறோம் இதை?

“வாங்கடி, வந்து உங்க மீனப் பாருங்கடி!” — வெளியே போய்க் கலை குரல் கொடுத்தார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த டப்பாவின் முன்னால் போய் நின்றேன். சுத்தம் பார்க்கிறேன் என்று அருண் நினைத்துக்கொண்டார்.

நினைத்துக்கொள்ளட்டும்!