தோளைப் பார்த்துத் தூக்கிய கை

பிரஸ்ஸக்காவின் வீட்டில் எந்நேரமும் சண்டை என்றுதான் தெரு நினைத்திருந்தது. சண்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. "டீ ஆறுது!" என்று அவள் புருஷன் சொல்வதே நாலு வீட்டுக்குக் கேட்கும். பாவம், அந்த மனுஷனுக்குக் கொஞ்சிப் பேசினால்கூடத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

பாத்திர ஃபாக்டரியில் பதினேழு வருஷம் பிரஸ் மிஷினில் மூடி அடித்தவள் அவள். தகட்டை வை, பெடலை மிதி, டமார், மூடியை எடு. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் டமார். காது போகாமல் என்ன செய்யும்?

கடைசிப் பத்து வருஷமாக, வருஷத்துக்கு ஒருமுறை காது சோதிக்கும் வண்டி ஃபாக்டரிக்கு வந்தது. ஹெட்ஃபோனில் 'கூ' என்று கேட்டால் கையைத் தூக்க வேண்டும். தேறாதவர்களை மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள், படுபாவிகள். அதனால் பெண்கள் ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நர்ஸ் பொத்தானை அமுக்கும்போது அவள் தோள் துளி அசையும். தோளைப் பார், கையைத் தூக்கு. இதில் பிரஸ்ஸக்கா புலி. பத்து வருஷமும் 'செவித்திறன் நன்று' என்றே சான்றிதழ் வாங்கினாள்.

பிறகு ஃபாக்டரியே மூடிவிட்டது. காது மந்தம் என்று மூன்று இடங்களில் வேலை இல்லை என்றார்கள். ஒற்றைச் சம்பளத்தில் வீடு தள்ளாடியது. அப்போதுதான் தொழிலாளர் அலுவலகத்தில் அந்தத் திட்டம் வந்தது. வேலையால் காது கெட்டவர்களுக்கு இலவசக் காது மெஷின், நாலு மாசம் தையல் மிஷின் ரிப்பேர் பயிற்சி, முடித்ததும் வேலை. இதை விட்டால் அவளுக்கு வேறு கதி கிடையாது.

கடைசித் தேதியன்று, அதே ஃபாக்டரியில் மூடிகளுக்குக் கைப்பிடி வைத்துக் காது மந்தமான தோழியோடு போனாள்.

"கேக்கலைன்னா கையைத் தூக்காதேக்கா," என்றாள் தோழி, அவள் முகத்துக்கு நேராக.

"எனக்கென்ன பைத்தியமா?"

முதலில் பிரஸ்ஸக்காவைத்தான் கூப்பிட்டார்கள். ஹெட்ஃபோனை மாட்டினார்கள். எதிரே கண்ணாடி, அதற்கப்பால் ஒரு நர்ஸ். தோள் அசைந்தது, இவள் கை எழுந்தது. ஐயையோ என்று இறக்கினாள். மறுபடி தோள், மறுபடி கை. வேலை போய்விடுமே என்ற பயம் பத்து வருஷமாக அந்தக் கையில் ஊறிக் கிடந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாமே என்று அவளுக்குத் தோன்றியபோது சோதனை முடிந்திருந்தது.

"காது நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க சார், அந்தம்மா தோளைப் பாத்துத் தூக்கிட்டேன். ஃபாக்டரியிலயும் அப்படித்தான் சார் ஏமாத்தினேன்."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் வேலை பார்த்ததற்கு ஆதாரமாக அந்தப் பத்துச் சான்றிதழ்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு இவளே அல்லவா கொடுத்திருந்தாள்! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

"பதினோரு பேப்பரும் நல்லா இருக்குன்னு சொல்லுது. நீ வாயால சொல்றதை வச்சு நான் எப்படி எழுதறது?"

"கண்ணைக் கட்டிட்டு இன்னொரு தடவை பாருங்க சார். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"ஆறு மாசம் கழிச்சுத்தான்மா மறு சோதனை. பயிற்சிக்கு இன்னிக்கே கடைசி." ஒவ்வொரு சொல்லையும் அவர் உதட்டில் படித்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது தோழி எழுந்து உள்ளே போகவிருந்தாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்பதற்குள் பிரஸ்ஸக்கா அவள் கையை இறுகப் பற்றினாள். "கண்ணை மூடிக்கோடி. போனதும் மூடிடு. என்ன ஆனாலும் திறக்காதே."

தோழி போனாள். பிரஸ்ஸக்கா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஆபீஸ், நாலு பேர் இருக்கிற இடம், மானம் போகக் கூடாது.

அரை மணி கழித்துத் தோழி ஓடி வந்தாள். இடம் கிடைத்துவிட்டது. அளவு பார்க்க ஒரு காது மெஷினை மாட்டிவிட்டிருந்தார்கள். வந்தவள் பிரஸ்ஸக்காவின் முன்னால் மண்டியிட்டு, அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, நீ அழற சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுதுக்கா."

தன் அழுகைக்குச் சத்தம் இருந்தது பிரஸ்ஸக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.