நல்ல மருந்து

சிவகாசிக்கு வேலைக்குப் போகும் கம்பெனி வேனில் என் பக்கத்தில் உட்காருபவர், ராக்கெட்டில் வெடிமருந்து அடைப்பவர். அதை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். எவ்வளவு கழுவினாலும் அவர் விரல்களில் அலுமினியப் பொடி மினுங்கும். தினமும் நான் பேப்பர் வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்பார். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் ஒருநாள், காட்டாமணக்கு எண்ணெய் கலந்து விமானம் ஓட்டிப் பார்த்த செய்தியை வாசித்தேன். கண்ணைத் திறந்துவிட்டார்.

“நம்ம வேலிக் காட்டாமணக்கா? ஆடுகூட வாய் வைக்காதே! அந்த மருந்துலயா பறந்துச்சு?”

“ஆமாண்ணே. ரொம்ப உசரம் போச்சாம்.”

“உசரம் நம்ம ராக்கெட்டுந்தான் போகுது. உள்ள இருந்தவுக அம்புட்டுப் பேரும் வீடு திரும்புனாகளா?”

“திரும்பிட்டாகளாம்.”

“அப்ப நல்ல மருந்துதான்.”

அன்று சாயங்காலம் அவர் வந்து வேனில் ஏறும்வரை நான் கம்பெனி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.