கடைந்து எடுத்த கனம்

"...உன் மேல இன்னா தப்பு கீது மச்சான்? நான் கேட்டேன், நீ கடைஞ்சு குடுத்தே" என்றார் மாமா, என் அக்காள் புருஷன். பூந்தமல்லித் தெருவில் நாதசுரக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது முறையாக எஞ்சின் அணைந்திருந்தது. பின் இருக்கையில் மாலையும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. கொரட்டூரில் தன் பங்கு நிலத்தை விற்று மாமா வாங்கிய பழைய திறந்த கார். ஆவடி ஸ்டேஷனில் ரயிலில் வந்து இறங்குகிறவர்களை வாடகைக்கு ஏற்றக் காத்து நிற்கும். முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும். அக்கா வீட்டு அடுப்பு எரிந்தது அந்த முகூர்த்தங்களால்தான். ஆனால் ஸ்டேஷனில் இன்னொருவன் வண்டி துள்ளிக் கிளம்பி முந்திக்கொள்வது மாமாவுக்குப் பொறுக்கவில்லை. எஞ்சினுக்குப் பின்னால் சுழலும் கனத்த இரும்புச் சக்கரத்தை, அதாவது பிளைவீலை, கடைந்து இளைக்க வைத்தால் தன் வண்டியும் துள்ளும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்பத்தூரில் கடைசல் பட்டறை வைத்திருந்த என்னிடம் வந்தார்.

அக்கா மட்டும் தடுத்தாள். ஏற்றம் இறைத்து வளர்ந்தவள். "ஏத்தத்துக்குப் பின்னால கல்லு கட்றது அழகுக்கா? கல்ல அவுத்துட்டா எறைக்கிறவன் இடுப்புதான் போவும்" என்றாள். அந்த ஒரு பேச்சில் என் தொழிலே அடங்கியிருந்தது. மெதுவாக ஊரும் வண்டியை அணையவிடாமல் இழுத்துப் போவது அந்தக் கனம்தான். மாப்பிள்ளை அழைப்போ நாதசுரத்துக்குப் பின்னால் ஆமை நடை. இரண்டு நாள் யோசித்தேன். தெரிந்தும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய சக்கரத்தை அதுவரை நான் கடைந்ததில்லை. கை துறுதுறுத்தது, அவ்வளவுதான். கடைந்து மாட்டிய பின் ஒரு வாரம் ஸ்டேஷனில் மாமாதான் முதல் ஆள்.

மாப்பிள்ளை ஏறிய வண்டி வழியில் நின்றால் எங்கள் பக்கத்தில் அது சகுனக்கேடு. பூந்தமல்லியில் நின்ற அன்றைக்குப் பிறகு ஒருவரும் அந்தக் காரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. அலைந்து திரிந்து வேறொரு கனமான சக்கரத்தைத் தேடி மாட்டினேன். சக்கரம் வந்தது, முகூர்த்தம் வரவில்லை. மறு வருஷம் மாமா காரை விற்றுவிட்டு, பிறத்தியார் லாரி ஓட்டப் போனார். அக்கா ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பூந்தமல்லித் தெருவில் அந்தச் சாயங்காலம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. கூட்டத்தில் ஒருவர், "எறங்கி நடந்துடு நைனா, நின்னுபோன வண்டில போவாதே" என்றார். மாப்பிள்ளை எழப் போனார். இனிமேல் நிற்காது என்று மாமா கையெடுத்துக் கும்பிட்டு அவரை உட்கார வைத்தார். கூடவே நடந்து வந்த நான், தப்பு என்னுடையது என்று ஆரம்பித்தபோதுதான், உன் மேல இன்னா தப்பு கீது என்று சொன்னார். சொல்லிவிட்டு என்னை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரச் செய்தார். கல்யாணத்துக்கென்று போட்டு வந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி என் மடியில் வைத்தார். பின்னால் போய்த் தோளைக் கொடுத்து, நாதசுரத்தின் நடைக்கு நடையாக, கல்யாண வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார்.