கரடிக்கு வைத்த பேரீத்தம்பழம்

எங்கள் வீட்டுக்குக் கரடியைப் பற்றிய ஆசை வருவதற்கு முன்பே கரடியின் சட்டதிட்டங்கள் வந்துவிட்டன. கொண்டு வந்தவர் மாமா, உம்மாவின் ஒரே தம்பி. ஆலங்குடாவில், பெரிய பட்டங்களை இடுப்பில் பூட்டிக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதியொன்றில் அவருக்கு வேலை. அவர்களில் ஒருவர் ஊர் திரும்பும்போது தம்முடைய இரண்டு கூடாரங்களை மாமாவிடமே விட்டுவிட்டுப் போனார். தங்கள் நாட்டுக் காடுகளில் கரடிகளுக்கு நடுவே எப்படி இரவு தங்குவது என்பதையும் விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். கூடாரமும் கிடைத்தது, அறிவும் கிடைத்தது, இனிக் கரடிதான் பாக்கி என்ற நிலையில் மாமா கண்டக்குழியிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

நோன்புப் பெருநாள் முடிந்திருந்த சமயம். வில்பத்துக் காட்டில் பாலைப்பழம் பழுத்திருக்கிறது, அதைத் தின்னக் கரடி மரத்தில் ஏறும், முறையாக அனுமதி எடுத்தால் நாமும் உள்ளே ஓரிரவு தங்கலாம் என்றார். எனக்கு அப்போது பத்து வயது. ஏறின கரடி எப்படி இறங்கும், தலை முன்னாலா, பின்பக்கம் முன்னாலா என்று கேட்டேன். அதைப் பார்க்கத்தானே போகிறோம் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஒரு கரடி மரத்தின் பாதியில் நின்று, எந்தப் பக்கமாக இறங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தது.

முதல் சட்டம் வாசனை. மணக்கிற எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. வாப்பா படகு வைத்து மீன்பிடிக்கிறவர். எங்கள் வீட்டில் மணக்காத பொருளைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். மாமா ஒவ்வொருவரின் சட்டையாக முகர்ந்து பார்த்துவிட்டு, வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"மச்சான், கருவாடு எடுக்க ஏலா. அத்தரும் பூச ஏலா."

"கருவாட்ட விட்டுட்டு வாறன். நானே கருவாடு மாதிரித்தான் மணக்கிறன். என்னய எங்க கொண்டு போய் வெக்கப் போற?" என்றார் வாப்பா.

அவருடைய உடுப்பெல்லாம் மூன்று தரம் துவைக்கப்பட்டன. அப்போதும் பூனைகள் கொடிக்குக் கீழேதான் படுத்துக் கிடந்தன.

இரண்டாவது சட்டம், கரடியைத் திடுக்கிட வைக்கக் கூடாது. கூட்டமாக, கதைத்துக்கொண்டே நடக்க வேண்டும். எதிரே வந்தால் ஓடக் கூடாது, ஒன்றாக நின்று மெல்லப் பின்வாங்க வேண்டும். இதற்கு ஒத்திகை வேண்டும் என்று மாமா ஒரு பின்னேரம் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். காற்றடிக்கும் பருவம். ஒரு கூடாரம் கையை விட்டுப் பறந்துபோக, நானா, என் அண்ணன், அதைத் துரத்திக்கொண்டு ஓடினான். அவன் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்த நேரம் பார்த்து, படகுக்குப் பின்னாலிருந்து கறுப்புப் போர்வையைப் போர்த்திய ஒன்று உறுமிக்கொண்டு வெளிப்பட்டது.

முதலில் ஓடியவர் வாப்பா. ஆழ்கடலில் எத்தனையோ இரவு கிடந்தவர் அவர். உம்மா ஓடவில்லை. என்னையும் நானாவையும் மணிக்கட்டில் பிடித்தாள். என் வளையல் மணிக்கட்டில் பதிகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"தம்பி எங்க? தம்பிய காணல்ல."

கரடி போர்வையை விலக்கி, அக்காவைப் பார்த்து, "லாத்தா, நான்தான் கரடி" என்றது. எல்லாரும் மணலில் விழுந்து சிரித்தோம். உம்மாவுக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. பல நாள் வரைக்கும் வாப்பா வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் "தம்பி எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். தான் ஓடியதை நாங்கள் மறப்பதற்கு அது அவருக்கு வசதியாக இருந்தது.

மூன்றாவது சட்டத்தில்தான் பயணமே கவிழப் பார்த்தது. சாப்பாடு முழுவதும் மூடி இறுகிய ஒரே பிஸ்கட் டின்னுக்குள் இருக்க வேண்டும். அதைக் கயிற்றில் கட்டி, கூடாரங்களுக்குத் தள்ளியிருக்கும் மரமொன்றில் உயரத் தூக்கிவிட வேண்டும். ஒருவர் கையிலும் ஒரு பருக்கை கூட இருக்கக் கூடாது. புறப்படுவதற்கு முதல் நாள் மாமா டின்னோடு வந்து பார்த்தால், உம்மா பழைய துணியைக் கிழித்து ஆளுக்கொரு சின்ன முடிச்சுக் கட்டி வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு ரொட்டியும், நோன்புக்கு வாங்கி மிஞ்சிய பேரீத்தம்பழம் கொஞ்சமும்.

"இது என்ன லாத்தா?"

"அவங்கவங்கட பங்கு அவங்கவங்கட கையில இரிக்கட்டும்."

"கரடி மணத்துக்கு வரும். நான் எத்தின தரம் சொன்னன்?"

"வரட்டும்."

"வரட்டுமா? பிள்ளைகள் கிடக்கிற இடத்துக்கா?"

உம்மா அடுத்த முடிச்சைக் கட்டினாள். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சட்டத்தை மதிக்காதவர்களைக் காட்டுக்குக் கூட்டிப் போக முடியாது, அனுமதியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று டின்னைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். மரத்தின் பாதியில் நின்ற என் கரடி இனி எந்தக் காலத்திலும் இறங்காது என்று எனக்குத் தெரிந்தது. சாதாரணமாகச் சொன்னதைக் கேட்கிற உம்மா ஒரு ரொட்டித் துண்டுக்காக ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று ஆத்திரமாகவும், அதற்கு மேலாக அறியும் ஆவலாகவும் இருந்தது.

உம்மாவும் மாமாவும் மன்னார்ப் பக்கத்து முசலியில் பிறந்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக் காலத்தில், ஆயுதம் தாங்கியவர்கள் ஊரைவிட்டு முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றியபோது, அந்த வில்பத்துக் காட்டுக்குள்ளால் நடந்துதான் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது உம்மாவுக்குப் பன்னிரண்டு வயது, மாமாவுக்கு ஐந்து. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அது ஞாபகம் வந்து, உம்மாவின் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு கேட்டேன்.

"உம்மா, நீங்க நடந்து வரக்குள்ள கரடி கண்டீங்களா?"

"இல்ல."

"பயமா இருக்கல்லயா?"

"அப்ப கரடிய யாரும் நினைக்கல்ல மகள்."

என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அதில் என்ன கண்டாளோ, முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்து, ரொட்டியையும் பழத்தையும் மாமாவின் டின்னுக்குள் போட்டாள். மாமா ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மன்னித்துவிட்டார்.

காட்டில் எல்லாம் மாமா நினைத்ததைவிட ஒழுங்காக நடந்தது. எங்களோடு ஜீப்பில் வந்த சிங்கள வழிகாட்டி மாமாவின் சட்டங்களைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். இருட்டின பிறகு யாரும் முகாமைவிட்டு வெளியே போகக் கூடாது. மாலையில், வில்லு என்கிற இயற்கைக் குளமொன்றின் கரையைக் கடக்கும்போது அவர் கையை உயர்த்தி ஜீப்பை நிறுத்தச் செய்தார். பாலை மரத்தில் கரடி. இலைகளுக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு பிட்டம் வெளியே வந்தது, பிறகு ஒரு கால், பிறகு மறு கால். பின்பக்கமாகத்தான் இறங்கியது. எங்கள் ஊரில் தென்னை மரம் இறங்குகிறவர்கள் மாதிரியே, அவசரமில்லாமல், மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. என் வாழ்நாளில் ஒரு கேள்விக்கு இவ்வளவு திருப்தியான பதில் அதற்கு முன்பு கிடைத்ததில்லை.

இரவு டின் மரத்தில் தொங்கியது. பெரிய கூடாரத்தில் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் நடுவே நானும் நானாவும் படுத்துக்கொண்டோம். சின்னக் கூடாரத்தில் மாமா தனியாகப் படுத்தார்.

விடிந்ததும் எங்களை எழுப்பியது மாமாவின் கூச்சல். கரடி என்று நினைத்து வாப்பா இந்தத் தடவை ஓடாமல் நின்றார், பாவம், ஓட இடமில்லை. கரடி இல்லை, எறும்பு. மாமாவின் கழுத்தெல்லாம் தடித்திருந்தது. எறும்புச் சாரை கூடாரத்தின் விளிம்பால் நுழைந்து, அவர் தலைக்கு வைத்துப் படுத்த ஜெக்கட்டின் பைக்குள் போய்க்கொண்டிருந்தது. வழிகாட்டி அதை உதறினார். துணி முடிச்சொன்று விழுந்தது. அதற்குள் ஒரு ரொட்டி, நாலைந்து பேரீத்தம்பழம்.

"இது சரியில்லை மாத்தயா. இனிப்பு வாசத்துக்குக் கரடி நிச்சயம் வரும்," என்றார் அவர். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

மாமா என்னையும் நானாவையும் திரும்பிப் பார்த்தார். எங்கள் பைகளைச் சோதித்தார். ஒன்றும் இல்லை.

"நான்தான் வெச்சன்," என்றாள் உம்மா.

மாமா சொறிவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "என்னயக் கரடிக்குக் குடுக்கவா லாத்தா பாத்தீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதுதான் உண்மை என்று எனக்குத் தோன்றிவிட்டது. பசிக்கும் என்று பயந்திருந்தால் பெற்ற பிள்ளைகளான எங்கள் பையில் அல்லவா வைத்திருப்பாள்? எங்களைப் பத்திரமாகப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, தனியாகப் படுத்த மாமாவின் தலைமாட்டில் மட்டும் இனிப்பை வைத்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? டின் விஷயத்தில் போட்ட சண்டையை உம்மா மறக்கவில்லை என்று முடிவு செய்தேன். அதன் பிறகு கொஞ்ச காலம் உம்மாவோடு எதிர்த்துக் கதைப்பதையே நிறுத்திக்கொண்டேன்.

போன வருடம் மாமாவின் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை சாப்பிட்டானா, சாப்பிட்டானா என்று உம்மா கேட்டுக்கொண்டே இருந்ததில் சலித்துப்போய், அவர் என்ன சின்னப் பிள்ளையா என்றேன். அப்போதுதான் சொன்னாள், பந்தலில் கதிரைகளை அடுக்கிக்கொண்டே. நடந்து வரும்போது கூட்டத்தில் அவள் கையிலிருந்து மாமா விடுபட்டுப் போனாராம். மறுநாள் வேறொரு கூட்டத்தார் அவரைக் காட்டு வழியில் கண்டு தூக்கி வந்தார்களாம். "வாய் முழுக்க மண், பசியில தின்டது. சாப்பாட்டு மூட்டையெல்லாம் என்ட தலையில. அவன்ட கையில ஒரு ஈத்தம்பழம் கூட நான் குடுத்து வெக்கல்ல."

மாமாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"அவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. இல்லாமலே இரிக்கட்டும்."

காட்டிலிருந்து திரும்பி வந்த காலை இப்போதும் கண்முன் நிற்கிறது. ஜீப்பில் மாமா எறும்பைத் தட்டித் தட்டி அந்தப் பழங்களைத் தின்றுகொண்டு வந்தார். காட்டில் எதையும் எறியக் கூடாது என்று வழிகாட்டி சொன்னதால் கொட்டைகளைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். எதிரில் இருந்த உம்மா, கடைசிப் பழம் முடியும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. கரடி வராமல் போன ஏமாற்றம் என்று நான் அன்று நினைத்துக்கொண்டேன்.