எலும்புக்கு ஏற்றிய மருந்து

அக்காவின் மார்பிலிருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். சின்னதுதான், தொடக்கத்திலேயே பிடித்துவிட்டோம் என்றார் யாழ்ப்பாணத்து டொக்டர். பிறகு, எலும்புக்கும் ஒரு மருந்து ஏற்ற வேண்டும் என்றார். போர் மறுபடி தொடங்கிப் தரைப்பாதை பூட்டியிருந்த காலம். மருந்து கொழும்பிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

எலும்பு. ஊர்காவற்றுறைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தச் சொல் எங்களுக்கு நடுவில் ஏறி இருந்துகொண்டது. தீவுக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் கடல், அசையாமல், வெயிலைத் தின்றபடி.

"கட்டி மார்பிலை. எலும்புக்கு என்னத்துக்கடா மருந்து?"

"வருத்தம் அங்கை போகாமல் இருக்கத்தானக்கா. கட்டி திரும்ப வராமலிருக்க நீ குடிக்கிற குளிசையும் எலும்பைக் கரைக்குமாம். அதுக்கும் சேர்த்து."

"நல்லாய்ச் சொல்லுறாய். அம்மாவுக்கு நானும் இப்பிடித்தான் சொன்னனான்."

அம்மாவுக்கும் இதே நோய்தான். எலும்பில் இறங்கிய பிறகே தெரிந்தது. நோயை நோயாளிக்குச் சொல்லாத வீடு எங்களுடையது. வாதமம்மா, வெறும் வாதம் என்று கடைசிவரை சொல்லிச் சொல்லி எண்ணெய் தேய்த்தவள் அக்கா. முகத்தில் ஒரு சுருக்கம் விழாது.

மருந்துக்கு முன் பழுதான பல்லைப் பிடுங்கச் சொன்னார்கள். ஏற்றியபின் பிடுங்கினால் தாடை ஆறாமல் போகலாமாம். கன்னம் வீங்கி வந்தாள் அக்கா.

"சாகப்போறவளுக்குப் பல்லு ஒரு கேடோ?"

"சாகப்போறவளெண்டால் பல்லைப் பார்ப்பினமே?"

புண் ஆறி, கப்பலில் மருந்தும் வந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"நீ வெளியிலை இரு. டொக்டரிட்டைத் தனியக் கேக்கவேணும்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வாங்குப் பலகையில் இருந்தேன், எழுந்தேன், மறுபடி இருந்தேன்.

வெளியே வந்தாள். "எலும்பிலை ஒண்டுமில்லையாம். மருந்து முன்காவலுக்குத்தானாம்."

"உண்மையாத்தானோ?"

"ஓமடா. பின்னைப் பொய்யே சொல்லுறன்?"

முகத்தில் ஒரு சுருக்கமில்லை. அம்மாவின் காலருகே நான் பார்த்த முகம்.

மருந்து சொட்டுச் சொட்டாக அவள் கைக்குள் இறங்கியது. டொக்டரின் அறை பத்தடி தூரத்தில். போய்க் கேட்கலாம். கேட்டால், அவளை நான் நம்பவில்லை என்றாகும். கேளாமல் இருந்தால், இந்த முகத்தோடு எத்தனை நாள்?

"குளிருது. போர்வையை இழுத்துவிடு" என்றாள். மருந்து ஏறினால் குளிரும் என்று சொல்லித்தான் இருந்தார்கள். இழுத்துவிட்டேன். பிறகு அவள் கண்களைப் பார்க்காமல் எழுந்துபோய், அந்தக் கதவைத் தட்டினேன்.